ரிப்பன் கட்டிய ஆம்ப்ளிஃபயர்

அந்தப் பெண் என் ஆம்ப்ளிஃபயருக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

பூச்சோங்கில் ஒரு ஹோட்டல் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மதிய விருந்து. மேடை அலங்காரத்துக்கு வந்த யாமினி என்ற பெண், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, நாற்காலிகளுக்கு மாட்டுகிற அதே வெள்ளைச் சாட்டின் உறையை என் பெட்டிக்கும் மாட்டினாள். பின்பக்கம் ரோஸ் கலர் ரிப்பனில் பெரிய முடிச்சு. மேலே ஒரு குஷன். குஷன் மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

"உக்காந்து பாருங்க ஆன்டி. ரோசாவ மட்டும் எடுத்துருங்க, குத்தும்," என்றாள்.

ரோஜாவை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குப் போட்ட சோபா கூட அவ்வளவு சுகமாக இருந்திருக்காது.

ஆனால் எனக்குக் கீழே இருந்தது ஆம்ப்ளிஃபயர் இல்லை. வெறும் மரப்பெட்டி. அதன் வயரைச் சுருட்டி, பாம்பாட்டி கூடைக்குள் பாம்பை அடக்கியது மாதிரி, சாட்டினுக்குள் அடக்கி வைத்திருந்தார்கள். பிளக் போடக்கூடாது என்பது அந்த மண்டபத்துச் சட்டம்.

பிளக் போடாவிட்டால் என் பிழைப்புப் போய்விடும் என்பது எனக்கு மட்டும் தெரியும். வாய் திறந்து சொன்னாலும் போய்விடும். அந்தக் குஷன் மேல் அப்படி ஒரு நிலைமையில் நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காது இருந்தால் போதும்

போன வாரம் இந்தப் பத்தியில் கல்யாண மண்டபத்துச் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு, ரவாங்கிலிருந்து ஒரு சமையல்காரர் கோபித்துக்கொண்டாராம். அவர் சாம்பாரைச் சொல்லவில்லை. அவருக்கே அது தன் சாம்பார் என்று தோன்றியிருந்தால் அதற்கு நான் என்ன செய்வேன்.

இந்த வாரம் சாம்பார் இல்லை. பேஸ் கித்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரணக் கித்தாருக்கு ஆறு கம்பி, பேஸுக்கு நாலு. கம்பி தடியாக இருக்கும், சத்தம் அடியில் இருக்கும். பெட்டியில் செருகாமல் பேஸைத் தட்டினால் பக்கத்தில் இருக்கிற கொசு கூடத் திரும்பிப் பார்க்காது. ஆம்ப்ளிஃபயரில் செருகினால்தான் அது பேசும். நாங்கள் ஆம்ப் என்போம். எங்கள் வீட்டில் வெறும் பெட்டி.

என் வீட்டுக்காரர் சுப்ரா, கிள்ளானில் நீலமணி இசைக்குழு என்று ஒன்று வைத்திருந்தார். கல்யாணம், கோயில் திருவிழா, தொழிற்சங்க விருந்து, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். ஒத்திகை எங்கள் வீட்டு ஹாலில். பேஸ் வாசித்தவர் சிங்கப்பூருக்கு ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. கித்தார் மட்டும் எங்கள் நாற்காலியில் சாய்ந்து கிடந்தது.

என் வீட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஒத்திகைக்கு ஒருநாள் கூடத் தவறாமல் இருப்பவர் யார்? நான்தான். வேறெங்கே போவேன்? வீடு என்னுடையது, தேத்தண்ணியும் என்னுடையது.

"லெச்சுமி, இங்க வா. இதப் பிடி," என்றார்.

"எனக்கு எழுதப் படிக்கவே தடுமாற்றம். நோட்டெல்லாம் எப்படிங்க?"

"இதுக்கு எழுத்து வேணாம். காது இருந்தா போதும்."

அந்தக் கடைசி வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து அப்புறம் இந்தப் பத்தி எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டது. நோட்டு எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வாசித்ததையும் கேட்டிருக்கிறேன்.

அப்போது சேலை கட்டிய பெண் ஒருத்தி மேடையில் பேஸ் வாசிப்பதை யாரும் பார்த்ததில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெரிய மனிதர், என் காது படவே அவரிடம் கேட்டார்: "என்ன சுப்ரா, ஆள் கிடைக்கலியா?"

"கெடைச்சுச்சு பாஸ். திரும்ப ஓடிப் போயிடக் கூடாதுன்னு கல்யாணமும் பண்ணி வெச்சிருக்கேன்," என்றார் இவர்.

கனமான உறவு

பெட்டி எங்களுக்கு வந்தது கோலாலம்பூரில் மூடப்போன ஒரு கிளப்பிலிருந்து. மரத்தில் செய்தது. உள்ளே வால்வ் என்கிற கண்ணாடிப் பல்புகள். அவை சிவந்து சூடானால்தான் சத்தம் வரும். லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, தூக்கியவர்கள் எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை நாளில் எங்கள் தெருப் பூனைகள் அதன் பின்னால் வந்து படுத்துக்கொள்ளும். அவ்வளவு கதகதப்பு.

இப்போதெல்லாம் சோற்றுப் பானை அளவில் ஆம்ப் வந்துவிட்டது. கம்பி வாங்கப் போன கடையில் ஒருவர், "ஆன்டி, அத வித்துட்டு லைட்டா ஒண்ணு வாங்கிக்குங்க லா. ஏன் இவ்ளோ கனத்தக் கட்டி அழறீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரரும் கனமாகத்தான் இருந்தார். நான் விற்றேனா?

அதன் மேல் உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம், மகன் மோகன் வயிற்றில் இருந்தபோது வந்தது. மாதம் ஏறிவிட்டது, நின்று வாசிக்க முடியவில்லை. இவர் என்னைப் பெட்டி மேல் உட்கார வைத்துவிட்டார். நான் வாசிக்கிற வரைக்கும் உள்ளே இருப்பவன் அசைய மாட்டான். பாட்டு முடிந்ததும் உதைப்பான். இடைவேளை அவனுக்குப் பிடிக்காது. பிறந்த பிறகும் அழுதால் தூளியில் போட மாட்டேன். பெட்டிக்குப் பிளக் போட்டுவிட்டு, அதன் மேல் துணி விரித்துப் படுக்க வைத்து, ஒரு கம்பியை மெல்லத் தட்டுவேன். தூங்கிவிடுவான்.

இன்றைக்கு அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. இவர் காலமான பிறகு அவன்தான் குழுவின் தலைவன். கீபோர்டு வாசிக்கிறான்.

தவணையில் போன காது

என் இடது பக்கத்தில் எப்போதும் அந்தோணியின் டிரம்ஸ். அந்தோணி பண்டமாரான்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். என்னைவிடச் சில வயது இளையவன். ஆரம்பத்திலிருந்து நீலமணிக்கு அவன்தான் டிரம்மர். அவனுடைய பித்தளைத் தட்டு என் இடது காதுக்கு நேரே தொங்கும். அதை அவன் மனைவி மேல் உள்ள கோபத்தையெல்லாம் வைத்து அடிப்பான்.

என் இடது காது தவணை முறையில் போனது. முதலில் குருவிச் சத்தம். அப்புறம் குக்கர் விசில். அப்புறம் மருமகள் அடுப்படியில் தனக்குள் பேசிக்கொள்வது. அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். பிறகு வலது காதும் அண்ணன் போன வழியில் பாதி தூரம் போய் நின்றது.

யாருக்கும் தெரியவில்லை. பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். மிச்சத்துக்கு 'அப்படியா' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சாவுச் செய்திக்கும் சரி, சாம்பார் நல்லாயிருந்தது என்பதற்கும் சரி, 'அப்படியா' பொருந்தும். கேட்கிறவரின் முகத்தைப் பார்த்து ராகத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, காது கேட்காமல் பேஸ் எப்படி வாசிக்கிறாய் என்று கேட்பீர்கள்.

பெட்டியால்தான். அதன் மேல் உட்கார்ந்து கம்பியைத் தட்டினால் சத்தம் உடம்பு வழியாக ஏறும். தடித்த கம்பி இடுப்பிலேயே நின்றுவிடும். அடுத்தது முதுகுத்தண்டில். மெல்லிய கம்பி தோள் வரைக்கும் வரும். சுருதி அரை இழை தப்பினால் கட்டின பல்லில் கூசும். இவ்வளவு நேர்மையான காது எனக்கு இளமையில்கூட இருந்ததில்லை.

மோகன் கேட்டதற்கு, "இடுப்பு வலிப்பா. ஸ்டூல் ஒத்துக்கல, பெட்டிதான் சரியான உயரம்," என்று சொல்லி வைத்திருந்தேன். நம்பிவிட்டான் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருப்பேன், அந்த லேப்டாப் இல்லாவிட்டால்.

இரண்டு தீபாவளிக்கு முன்னால் மோகன் ஒரு லேப்டாப் வாங்கினான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு பொத்தானைத் தட்டினான். உள்ளிருந்து பேஸ் வந்தது. தப்பே இல்லாத பேஸ்.

"எதுக்கும் ஒரு ஸ்டேண்ட்-பைம்மா. உங்களுக்கு முடியாம போச்சுன்னா," என்றான்.

"எனக்கு ஏன் முடியாம போகுது?"

"சும்மா சொன்னேன்மா."

அதிலிருந்து எல்லா நிகழ்ச்சிக்கும் அந்த லேப்டாப் வரும். மூடியபடி அவன் கீபோர்டுக்குக் கீழே இருக்கும். புருஷன் வீட்டில் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருக்கும்போது முதல் மனைவிக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. காது கேட்கவில்லை என்ற ஒரு வார்த்தை போதும். மூடியைத் திறந்துவிடுவார்கள்.

மண்டபத்துச் சட்டம்

இப்போது பூச்சோங்குக்குத் திரும்புவோம்.

நாங்கள் வேனிலிருந்து சாமான்களை இறக்கும்போதே மண்டபத்துச் சவுண்ட்காரர் தினேஷ் ஓடி வந்தார். கையில் ஐபேட், கழுத்தில் அட்டை. மரியாதையான பிள்ளை. மரியாதையாகத்தான் வயிற்றில் அடித்தார்.

"சாரி அண்ணே, ஸ்டேஜ்ல ஆம்ப் டாக் போலே, போடக் கூடாது. இங்க எல்லாமே சைலண்ட் ஸ்டேஜ். கித்தார நேரா மிக்சருக்குக் குடுத்துருங்க. மியூசிஷன் எல்லாருக்கும் காதுல போடுறது இருக்கு, அதுல கேட்டுக்கலாம்."

மேடையில் சத்தமே இருக்கக்கூடாதாம். பாட்டுக்கச்சேரிக்குக் கூப்பிட்டுவிட்டு மேடையில் சத்தம் வேண்டாம் என்பது, பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு இலையில் ஒன்றும் விழக்கூடாது என்பது மாதிரி. கேட்டால் நாகரிகம் என்கிறார்கள்.

நான் மோகனைப் பார்த்தேன். மோகன் தினேஷிடம், "பாஸ், அம்மாவுக்கு இடுப்பு வலி. அந்தப் பெட்டி மேல உக்காந்தாதான் அவங்களால வாசிக்க முடியும்," என்றான்.

தினேஷின் முகம் மலர்ந்துவிட்டது. "உக்காரத்தானே? உக்காரட்டும் அண்ணே, நோ ப்ராப்ளம்! பிளக் மட்டும் போட வேணாம். யாமினி! இந்த ஆன்டி சீட்டுக்கு ஒரு கவர் போட்டுவிடு!"

இப்படித்தான் நான் சொன்ன பொய், என்னைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, குஷன் போட்டு, ரிப்பன் கட்டி உட்கார வைத்தது. 'வலிக்காக இல்லை, அதிர்வுக்காக' என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். லேப்டாப் அதோ, கீபோர்டுக்குக் கீழே மூடியபடி இருக்கிறது.

தினேஷ் என் காதில் எதையோ செருகினார். வலது காதில் தகர டப்பாவுக்குள் கொசுக்கள் கல்யாணம் பண்ணிக்கொள்வது போல ஒரு சத்தம். இடது காதில் தியானம்.

"பேஸ் கேக்குதா ஆன்டி?"

அவர் வாயைப் பார்த்தேன், புரிந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். நன்றாகக் கேட்கிறது என்றே சொன்னேன். பெருமைக்காரிக்கு வேறு பதில் தெரியாது.

அடுத்து அந்தோணியிடம் கேட்டார். அந்தோணியும் கட்டைவிரலைத் தூக்கினான். என்னைவிட உயரமாகத் தூக்கினான்.

மணமக்கள் வந்துகொண்டே இருந்தார்கள்

பெண்ணின் தகப்பனார் யாழ்ப்பாண வழி வந்தவர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் தவறுவது அவருக்குக் கொலைக்குற்றம் மாதிரி. வரவேற்பு, உரை, கேக், சாப்பாடு என்று நிமிஷக் கணக்கில் பிரித்து எல்லார் கையிலும் கொடுத்திருந்தார். மணமக்கள் உள்ளே வரும்போது நாங்கள் ஒரு மார்ச் வாசிக்க வேண்டும். மோகன் தானே அமைத்த மெட்டு. மிடுக்காக நடக்க வைக்கும்.

கதவு திறந்தது. புகை விட்டார்கள். மாப்பிள்ளை பெண் வாசலில். மோகன் கையைத் தூக்கி எண்ணிக் கொடுத்தான். ஆரம்பித்தோம்.

எனக்குக் கீழே பெட்டி செத்துக் கிடந்தது. கம்பியைத் தட்டுகிறேன், இடுப்புக்கு ஒரு சேதியும் வரவில்லை. ஊர் பேர் தெரியாத இடத்தில் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டது போல இருந்தது.

சரி, காது போனால் என்ன, கண் இருக்கிறதே என்று அந்தோணியின் வலது காலைப் பார்த்தேன். பெரிய டிரம்மை மிதிக்கிற கால். அது மிதிக்கும்போது நான் தட்டினால் தாளம் தப்பாது. அவன் கால் இறங்குவதைப் பார்ப்பேன், பார்த்த பிறகு தட்டுவேன். பார்த்துத் தட்டுவதில் கண்ணிமைக்கிற நேரம் பிந்தும். அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

நிமிர்ந்து பார்த்தேன். அந்தோணி என் விரலை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போது புரியவில்லை. இவன் ஏன் இப்படி முறைக்கிறான், சேலையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றுதான் நினைத்தேன். திரும்ப அவன் காலைப் பார்த்தேன். அவன் என் விரலைப் பார்த்தான்.

மார்ச் மெல்லக் கனக்க ஆரம்பித்தது.

மாப்பிள்ளையும் பெண்ணும் தாளத்துக்கு அடியெடுத்து வைக்க வேண்டும் என்று பழகி வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். தாளம் மெதுவானதும் அவர்களும் மெதுவானார்கள். பூக்கூடை ஏந்திய சிறுமிகள் ஒரு காலைத் தூக்கியபடி, கொக்கு மாதிரி, அடுத்த அடிக்காகக் காத்து நின்றார்கள். புகை விட்டவர் புகை தீர்ந்து போய்க் கையை விரித்தார். மோகன் கீபோர்டிலிருந்து 'வேகம், வேகம்' என்று கையை ஆட்டியிருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் அவனைப் பார்க்க நேரமில்லை. நான் அந்தோணியின் காலில் இருந்தேன், அந்தோணி என் விரலில் இருந்தான்.

பாதி வழியில் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

எப்படியோ மேடையேறிவிட்டார்கள். கடைசி அடியை நான் தட்டியபோது என் நெற்றி வியர்வை அந்தச் சாட்டினில் சொட்டியது. ஏர்-கான் போட்ட மண்டபத்தில்!

மோகன் என்னைப் பார்த்தான். கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவன் குனிந்து கீபோர்டுக்குக் கீழே இருந்த லேப்டாப்பை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேலே வைத்தான். பிறகு மூடியில் கையை வைத்துக்கொண்டு யோசித்தான்.

அப்போது பெண்ணின் தகப்பனார் மேடைக்கே வந்துவிட்டார். தொலைந்தோம் என்று எழுந்து நின்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. என் வலது பக்கம் நின்று, பெரிய குரலில் சொன்னார்:

"அம்மா, என்ர பிள்ளை நடந்து வந்த நடையை இந்தச் சென்மத்துக்கும் மறக்க மாட்டேன். இப்பத்தைய கலியாணங்களில எல்லாரும் ஓடி வருகினம். உங்கட வாசிப்பில ஒரு நிதானம் இருந்தது."

"அப்படியா," என்றேன்.

திரைக்குப் பின்னால் ஒரு ரகசியம்

உரைகள் ஆரம்பித்தன. எங்களுக்கு இடைவேளை. நான் அந்தோணியின் சட்டையைப் பிடித்து மேடைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"என்னாத்துக்குடா அப்படி இழுத்த?" என்றேன், யாருக்கும் கேட்காதபடி.

"என்னாக்கா?"

"ஏன் இழுத்தன்னு கேக்குறேன்!"

"நானா இழுத்தேன்? நீங்க இழுத்தீங்க, நான் பின்னாடி வந்தேன்!"

"நான் உன் கால பாத்துத்தானே வாசிச்சேன்!"

"நான் உங்க விரல பாத்துத்தானேக்கா அடிச்சேன்!"

ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு மாடும், மற்றது இழுக்கும் என்று நின்றால் வண்டி எங்கே போகும்?

"என் விரல நீ ஏன் பாக்கணும்? கேக்கலியா உனக்கு?"

அந்தோணி தரையைப் பார்த்தான். கிரேனில் ஏறி உட்கார்ந்தால் யாருக்கும் பயப்படாத ஆள். "அக்கா, மோகன்கிட்ட சொல்லிராதீங்க. எனக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு. உங்க பெட்டி எனக்குப் பக்கத்துல இருக்குமா, அது குமுறுறது என் ஸ்டூல்ல ஏறும். அத வெச்சுத்தான் அடிச்சிட்டு வரேன். இன்னிக்குப் பெட்டி செத்துப்போச்சு. நான் என்னா பண்ணுவேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இத்தனை காலம் இந்த ஆளின் தாளத்தை நம்பி நான் வாசிக்கிறேன். இவன் என் பெட்டியை நம்பி அடிக்கிறான். பெட்டி யாரை நம்பியது?

"எனக்கும்தான்டா போச்சு," என்றேன். "இடதுல ஒண்ணுமே இல்ல. வலதுல பாதி. செத்தாலும் சொல்லிராத!"

"சொல்ல மாட்டேன்க்கா! நீங்களும் சொல்லாதீங்க!"

நாங்கள் ரகசியம் பேசினோம். ரகசியம்தான் என்று நினைத்தோம். காது கேட்காத இரண்டு பேர் பேசுகிற ரகசியம் எவ்வளவு தூரம் போகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? திரையை விலக்கிக்கொண்டு வந்தால், பிரியாணித் தட்டு ஏந்தியவர்கள் அப்படியே நிற்கிறார்கள். யாமினி குண்டூசியோடு நிற்கிறாள். உரையாற்றிக்கொண்டிருந்த பெண்ணின் சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்க்கிறார்.

மோகன் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தான். கையில் லேப்டாப்.

ஹீட்டர்

அவன் என்னைப் பார்க்கவில்லை. நேரே தினேஷிடம் போனான். நான் அவன் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வலது காதையும் கொடுத்தேன்.

"பாஸ், இங்க ஏர்-கான் ரொம்பக் குளிரு. அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு. அந்தப் பெட்டி வால்வ் போட்டது, பிளக் போட்டா நல்லா சூடாகும். ஹீட்டர் மாதிரி. சும்மா சூட்டுக்கு மட்டும் போட்டுக்கிறோம்."

தினேஷ் மோகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தோணியைப் பார்த்தார். அவர் காது நல்ல காது, திரைக்குப் பின்னால் நடந்தது ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும்.

"ஹீட்டர்னா ஓகே அண்ணே," என்றார். "ஹீட்டருக்கு எங்க ரூல்ஸ்ல ஒண்ணும் இல்ல."

மோகன் லேப்டாப்பைக் கீழே, அதே இடத்தில், மூடியபடி வைத்தான். துணி கருகிவிடக்கூடாது என்று பின்பக்கச் சாட்டினைத் தூக்கி ரிப்பனோடு மேலே செருகினான். கித்தார் வயரைச் செருகினான். பிளக் போட்டான். சத்தக் குமிழைத் திருகினான். கொஞ்சம்தான் திருகினான். எங்கே நிறுத்த வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை. உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்து, சரியான இடத்தில் நிறுத்தினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டி என்ன செய்யும் என்பது எனக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். என் வயிற்றில் இருந்தபோதே தெரியும். இவனிடம் போய் இடுப்பு வலி என்று கதை சொல்லியிருக்கிறேன்.

பல்புகள் சூடேறின. கம்பியைத் தட்டினேன். இடுப்பில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் அந்தோணி, ஸ்டூலில் மெல்ல அசைந்து உட்கார்ந்து, விட்டுப்போன மருமகன் திரும்பி வந்த மாதிரி சிரித்தான்.

மிச்ச நிகழ்ச்சி முழுக்க ஒரு பாட்டும் இழுக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை கழுவாமல் எழுந்து ஆடினார்கள். நடுவில் ஒருமுறை தினேஷ் வந்து, "அண்ணே, ஹீட்டர் கொஞ்சம் சத்தமா இருக்கு," என்றார்.

"பழைய ஹீட்டர் பாஸ்," என்றான் மோகன்.

பெண்ணின் தகப்பனாருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். முதலில் இருந்த நிதானம் பின்னால் இல்லை என்று சொன்னாராம்.

தலையாட்டிய பாவம்

வெயில் தாழ்வதற்குள் சாமான்களைக் கட்டி முடித்தோம். மோகனும் அந்தோணியும் பெட்டியை வேனில் ஏற்றினார்கள். யாமினி ரிப்பனை அவிழ்க்க வந்தாள், அது இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். மோகன் என் இடது பக்கம் வந்து நின்று, மூச்சு வாங்கியபடி, எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான். வாய் தெரியவில்லை. அவ்வளவு நடந்த பிறகும் 'என்னப்பா?' என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

"அப்படியா," என்றேன். முகம் சரியாகத் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று தலையையும் ஆட்டினேன்.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பின் சீட்டில் அந்தோணி, துவைத்த சட்டை போட்டு, பூசைக்குப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"எங்கப்பா?"

"காது டெஸ்டுக்கும்மா. நான் இருக்கிற வரைக்கும் எந்த ஸ்டேஜா இருந்தாலும் பெட்டிய ஏத்தி பிளக் போட்டுத் தரேன், நீங்க காது டெஸ்டுக்கு வரணும்னு சொன்னேன். நீங்கதானே சரின்னு தலையாட்டுனீங்க?"

அவன் இடது பக்கம் நின்றது தற்செயலா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

கிள்ளானில் ஒரு கிளினிக். எங்களை உள்ளே உட்கார வைத்துவிட்டு மோகன் கார் நிறுத்த இடம் தேடிப் போனான். கிள்ளானில் அது ஒரு யாத்திரை. நானும் அந்தோணியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். அநியாயம்தான். ஆனால் சண்டை போடுகிற இடமில்லை என்று மரியாதைக்குப் பேசாமல் இருந்தோம்.

மோகன் வியர்த்து விறுவிறுத்து வந்தான். "இன்னுமா கூப்பிடல?"

"இன்னும் இல்ல," என்றோம் இரண்டு பேரும்.

கவுண்டரில் இருந்த நர்ஸ் எழுந்து நின்றுவிட்டாள். தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கூப்பிட்டுவிட்டாளாம். என் பெயரையும் கூப்பிட்டாளாம், அந்தோணி பெயரையும் கூப்பிட்டாளாம்.

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவன் பெயரைக் கூப்பிட்டால் அவன் எழுவான், அதைப் பார்த்து நானும் எழுந்துகொள்ளலாம் என்று நான் இருந்தேன். அக்கா எழுந்தால் எழலாம் என்று அவன் இருந்திருக்கிறான். மறுபடியும் அதே மார்ச்.

மோகன் எங்கள் எதிரே வந்து நின்றான். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்புறம், மேடையில் எண்ணிக் கொடுப்பது போலவே கையைத் தூக்கி, எங்கள் கண்ணுக்கு நேரே விரல்களை விரித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். ஒரு இழை பிந்தவில்லை.